ஒன்பது வாரம் முதலிடம்

மெல்பர்ன்
7 பெப்ரவரி 1993

அன்புள்ள ஐரின் அக்காவுக்கு,

மாதாவின் துணையால் நானும் ஹெக்டரும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேர்ட்டி அத்தான் இனிப்பைக் குறைத்தாரா, இல்லை உனக்குத் தெரியாமல் அலமாரியைத் திறக்கிறாரா? ஜனவரியில் நீ இரண்டு முறை தொலைபேசியில் அழைத்ததாக ஹெக்டர் சொன்னார். இரண்டு தடவையும் நான் வெளியே போயிருந்தேன். இனி அழைக்காதே, வீண் செலவு. எனக்குத் தொண்டையில் சின்னத் தொந்தரவு. மற்றபடி ஒன்றுமில்லை.

அக்கா, ஒரு காரியம் ஆக வேண்டும். ஆகஸ்ட் மாதம் இங்குள்ள இலங்கைச் சங்கத்தார் பழைய பாடகர்களுக்கு விழா எடுக்கிறார்கள். எனக்கு ஒரு பட்டயம் தருவதாக முடிவு. "வானொலி நேயர் விருப்பப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்ற முதல் பாடகி" என்று அதில் பொறிக்கக் கேட்டேன். விழா மலர்க் குழுவில் வர்னன் கூரே என்று ஒருவர் இருக்கிறார், கணக்காளர். அவர் ஆதாரம் கேட்கிறார். நம் காலத்துப் பாடகி பெரில் டயஸின் மகளும் இதே ஊரில்தான் இருக்கிறாள். அந்தப் பெருமை தன் அம்மாவுக்குத்தான் சேர வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். பெரிலுடைய பாட்டு எத்தனை வாரம் நின்றது என்று நமக்குத் தெரியாதா?

"கடலோர ரயில்" பாட்டு எழுபத்துமூன்றாம் ஆண்டு கடைசியில் ஒன்பது வாரம் நின்றது என்று வானொலி நிலையத்தில் எழுதி வாங்கி அனுப்பு. இரண்டு முறை சிறந்த பாடகிப் பரிசு வாங்கினேன், அதற்கும் ஏதாவது கிடைத்தால் நல்லது. உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன் நங்கி,
நொலீன்


கொரலவெல்ல, மொறட்டுவை
14 மார்ச் 1993

என் அன்பு நங்கிக்கு,

நீயும் ஹெக்டரும் சுகத்தோடு இருக்க செபஸ்தியார் கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்தினேன். என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். வானொலி நிலையத்தின் மாடிப்படிகளைக் கேட்டால் அவை சொல்லும்.

முதல் நாள் போனபோது பொறுப்பாளர் விடுமுறை. அடுத்த தடவை ஒரு பையன் உட்கார வைத்து விசாரித்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டான். "அம்மா, போன வருஷத்துப் பட்டியலே எங்ககிட்ட இல்ல. நீங்க நான் பொறக்கறதுக்கு முந்தின பட்டியலைக் கேக்குறீங்க" என்றான். பழைய ஒலிநாடாக்களை அழித்து அவற்றிலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டார்களாம். பட்டியலை நேயர்களின் அஞ்சலட்டைகளை எண்ணித்தானே போட்டார்கள்? அந்த அட்டைகள் வாராவாரம் பழைய தாள்காரனுக்குப் போய்விட்டன. நூல்நிலையத்தில் பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினேன். பாட்டுப் பக்கங்களைத்தான் யாரோ பிளேடால் வெட்டிப் போயிருக்கிறார்கள். உன் ரசிகர்களாகத்தான் இருக்கும்.

சிறந்த பாடகிப் பரிசு ஒன்று நிச்சயம், செய்திப் பக்கத்தில் படம் வந்திருக்கிறது. இன்னொன்று சோப்புக் கம்பெனிக்காரன் நாட்காட்டிக்காக நடத்திய போட்டி. அதை வர்னனிடம் சொல்லாதே. அவர் உன்னைக் குளிக்கச் சொல்லிவிடுவார்.

ஒரு வழி இருக்கிறது. வானொலியில் பட்டியலை வாசித்த விமலசூரிய மஹத்தயா உயிரோடு இருக்கிறார், கம்பஹாவில். போய்ப் பார்க்கிறேன். தொண்டைக்கு மருத்துவரிடம் காட்டினாயா? கொத்தமல்லியும் இஞ்சியும் கொதிக்க வைத்துக் குடி.

அன்புடன்,
அக்கா


மெல்பர்ன்
11 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்கா,

இன்று உயிர்ப்புப் பெருநாள். உனக்கும் அத்தானுக்கும் ஆண்டவருடைய சமாதானம். புத்தாண்டுக்குப் பலகாரம் சுட்டாயா? இங்கே ஹெக்டர் கொக்கிஸ் சுடுகிறேன் என்று அடுப்பங்கரையைப் புகையால் நிரப்பிவிட்டார்.

சோப்பு விஷயம் வாசித்துச் சிரித்தேன். விமலசூரிய கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். அவர் சொல்லுக்கு மேல் வர்னன் என்ன கேட்க முடியும்?

விழாவில் வாசிக்க ஒரு உரை எழுதுகிறேன். ஹெக்டர்தான் வாசிப்பார். இவ்வளவு காலம் கழித்து மேடை எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உரை முழுக்க நம் தம்பி ரெக்ஸ் மல்லிதான். அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதியிருக்கிறேன். நீ அப்போது பதுளையில் படிப்பித்துக்கொண்டிருந்தாய், உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வானொலியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். பத்தாவது, ஒன்பதாவது என்று விமலசூரிய வாசித்துக்கொண்டே வருகிறார். முதலிடம் என்று நம் பாட்டைச் சொன்னதும் ரெக்ஸ் அம்மாவின் சுளகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முற்றத்தில் ஆடினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று அப்பா கத்தினார். "பாக்கட்டும், அவங்களும்தான் அட்டை போட்டாங்க" என்றான் அவன்.

அடுத்த வெள்ளிக்கிழமை குருநாகலில் கச்சேரி. திரும்பி வரும் வழியில் வரக்காப்பொலையில் அந்த லொறி. எனக்கு மண்டை உடைந்தது. அவன் எழுந்திருக்கவே இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. ஆனால் தன் பாட்டு முதலிடத்துக்கு வந்ததைக் கேட்டுவிட்டுத்தான் போனான், அக்கா. அந்த ஒன்றுக்காகத்தான் நான் கடவுளோடு சண்டை போடாமல் இருக்கிறேன்.

சீக்கிரம் கம்பஹாவுக்குப் போ.

உன் நொலீன்


மொறட்டுவை
16 மே 1993

அன்பு நங்கிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். வெசாக் பந்தல்கள் எல்லாம் மழையில் நனைந்து தொங்குகின்றன. பின்வளவுப் பலாமரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. பேர்ட்டி ஏணியில் ஏறிப் பறிக்கிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

விமலசூரிய மஹத்தயாவைப் பார்த்தேன். தேநீரும் வாழைப்பழமும் தந்தார். ஒன்பது வாரம் என்பது சரிதான். நீ சொன்னதில் பிழையில்லை. வர்னனிடம் சொல்லிவிடு.

ஒரு யோசனை. உரையில் ரெக்ஸ் விஷயம் வேண்டாமே. நல்ல நாளில் சனங்களை ஏன் அழ வைக்க வேண்டும்? ஒன்பது வாரம் முதலிடம் என்று மட்டும் சொன்னால் போதும். பாட்டு எல்லோருக்கும் தெரியும்.

மழை பலமாகப் பெய்கிறது. துணி எடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா


மெல்பர்ன்
6 ஜூன் 1993

அன்புள்ள அக்கா,

சுகம் விசாரித்ததற்கு நன்றி. குளிர் தொடங்கிவிட்டது.

நீ எழுதியதை நான்கு தடவை வாசித்தேன். பலாக்காய்க்கு ஒரு பக்கம், விமலசூரியவுக்கு மூன்று வரி. அவரிடம் ஏன் எழுதி வாங்கவில்லை? "சரிதான்" என்று அக்கா சொன்னாள் என்றா வர்னனிடம் சொல்வது? எந்தத் தேதியில் முதலிடம் வந்தது, எந்தத் தேதி வரை நின்றது, இரண்டும் வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ரெக்ஸை விட்டுவிட்டு என்ன பேசுவது? பாட்டு அவன் எழுதியது. மெட்டு அவனுடையது. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லாமல் போனது உனக்கு எப்போதும் ஒரு குறை. நான் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாய். உனக்காக அதை நான் அழித்துவிட முடியாது.

சங்கத்தில் விலாசம் வாங்கி விமலசூரியவுக்கு நானே எழுதிவிட்டேன்.

நொலீன்


மொறட்டுவை
24 ஜூன் 1993

என் நங்கிக்கு,

உனக்கு உடல்பலத்தையும் மனத்தைரியத்தையும் தரும்படி மாதாவை மன்றாடி இதைத் தொடங்குகிறேன். உன் கடிதம் பார்த்த அன்றே கம்பஹாவுக்கு ஓடினேன். பதில் எழுத வேண்டாம் என்று கேட்கத்தான் போனேன். அவர் அதற்குள் அனுப்பிவிட்டிருந்தார். நல்ல மனிதர், கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டார். அவருடைய கடிதத்துக்கு முன்னால் இது உன் கையில் சேர்ந்தால் அதைப் பிரிக்காமல் ஹெக்டரிடம் கொடு. ஆனாலும் உனக்குத் தெரியத்தான் போகிறது. என் வாயால் தெரியட்டும்.

மே மாதம் போனபோது ஒன்பது வாரத்தைப் பற்றிக் கேட்டேன். உடனே சொன்னார், அவருக்கு அது மறக்கவில்லை. எந்த ஞாயிறு முதன்முதலாக வந்தது என்று கேட்டேன். "தம்பியை அடக்கம் பண்ணின பொறகு" என்றார். ஞாபகப் பிசகு என்று நினைத்து அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். சுளகைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வைத்தார். பிறகு சொன்னார்:

"மிஸ், அந்தப் பாட்டு ரெண்டு மாசம் பட்டியல் பக்கமே வரல. தம்பி சாகறதுக்கு முந்தின வாரம் நிலையத்துக்கே வந்தாரு. எத்தனை அட்டை வந்திருக்குன்னு கேட்டாரு. எடுத்துக் காட்டினேன், ஒரு கைப்பிடி கூட இல்ல. பாத்துட்டுச் சிரிச்சாரு. 'இதுல பாதி என் கையெழுத்து சார்'ன்னாரு. போகும்போது, 'அக்காகிட்ட சொல்லிடாதீங்க, அவ ரொம்ப நம்பிக்கிட்டிருக்கா'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

அடக்கம் முடிந்த வாரம், மனம் கேட்காமல், பட்டியலில் இல்லாத அந்தப் பாட்டை அவரே போட்டிருக்கிறார். இதை எழுதிய பையனை மொறட்டுவையில் அடக்கம் செய்துவிட்டார்கள், பாடிய அக்கா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள் என்று இரண்டு வரி சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் சாக்குச் சாக்காக அட்டைகள் வந்தன. ஒன்பது வாரம்.

நீ சொல்லும் அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவே இல்லை, நங்கி. நீ கண் விழித்தபோது அம்மாதான் படுக்கை அருகில் இருந்தாள். பாட்டு முதலிடத்தில் இருக்கிறது, தம்பி கேட்டுவிட்டுத்தான் போனான் என்று அவள் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சுளகையும் அவளே சேர்த்தாளோ, நீயே சேர்த்தாயோ, எனக்குத் தெரியாது. நான் அடக்கத்துக்கு வந்து மறுநாளே பதுளைக்குத் திரும்பினேன். நீ சொன்னதைத்தான் இத்தனை வருடம் நானும் நம்பினேன். தண்ணீர் குடிக்கப் போனது பொறாமையால் அல்ல. அவன் ஆடியதை நான் பார்க்கவில்லையே என்று தாங்க முடியாமல்தான் எழுந்து போவேன்.

உனக்குத் தெரியாமலே வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. இதற்குப் பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


மெல்பர்ன்
18 ஜூலை 1993

மதிப்பிற்குரிய ஐரின் அக்காவுக்கு ஹெக்டர் எழுதுவது.

தங்களுக்கும் பேர்ட்டி அண்ணனுக்கும் என் வணக்கம். இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. நான் வேலைக்குப் போயிருந்தேன். அவள் விமலசூரியவுடையதை முதலில் பிரித்திருக்கிறாள். நான் வரும்போது சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே போட்டு மடித்து வைத்திருந்த சட்டைகள் அவை.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இனி அதைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. தொண்டையில் புற்றுநோய். ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நீங்கள் அழைத்தபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். என் கையிலிருந்த தொலைபேசியில் காதை வைத்து உங்கள் குரலைக் கேட்டாள். கழுத்தில் அழுத்திப் பேச ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அணைத்து உறையில் போட்டுவிட்டாள். அன்று முதல் ஒரு தாள்கட்டில் எழுதித்தான் பேசுகிறாள். அதில் அவளுடைய கிண்டலெல்லாம் அப்படியே இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

குரல் போன பிறகுதான் இந்த ஒன்பது வாரத்தைப் பிடித்துக்கொண்டாள். அது எழுத்தில் நின்றுவிட்டால் போதும், பாடாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதிக் காட்டுவாள்.

அன்று இஸ்திரிப் பெட்டியை நான்தான் வாங்கி வைத்தேன். தாளை எடுத்து, "அம்மா என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள்" என்று எழுதினாள். பிறகு அதன் கீழே, "அவன் தோற்றுப்போனான் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறான்" என்று எழுதினாள்.

தாங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம்.

பணிவுடன்,
ஹெக்டர்


மொறட்டுவை
1 ஆகஸ்ட் 1993

என் உயிரான நொலீனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை. அது தெரியாமல் கொத்தமல்லி குடி, இஞ்சி குடி என்று எழுதியிருக்கிறேன். நீ அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பாய்?

பேர்ட்டியிடம் ஹெக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு வானொலிப் பெட்டியை அணைத்தார். அதில் ஏதோ விலைவாசிச் செய்திதான் போய்க்கொண்டிருந்தது.

அம்மாவைக் கோபிக்காதே. ஒரு பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்து இன்னொரு பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள். வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்த மே மாதம் நானும் அதைத்தானே செய்தேன்?

விழாவுக்குப் போகாதே, மனம் ஒப்பவில்லையென்றால். ஒரு வரி எழுது.

உன் அக்கா


மெல்பர்ன்
12 செப்டெம்பர் 1993

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். உனக்கும் அத்தானுக்கும் அன்பு.

விழாவுக்குப் போனேன். என் உரையைக் கிழித்துவிட்டேன். அதனால் வர்னன் மேடையேறி, பாடகியின் சாதனை முழுமையாகச் சரிபார்க்கப்பட்டுவிட்டது என்று சொல்லி விமலசூரிய சங்கத்துக்கும் அனுப்பியிருந்த கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். அடக்கம், ஆஸ்பத்திரி, சாக்குச் சாக்காக அட்டை, எல்லாம். நல்ல குரல் அவருக்கு. சபையே எழுந்து நின்றது. பெரிலின் மகள் அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். உங்களுக்குத்தான் ஆன்ட்டி இது சேர வேண்டும் என்றாள். பட்டயத்தில் ஒன்பது வாரம் என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு பிழையும் இல்லை.

நான் பாடியதற்காக ஒருவரும் அட்டை போடவில்லை, அக்கா. இருபது வருடமாக எந்தக் கலியாண வீட்டிலும் எந்த மேடையிலும் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் செத்த பையனுக்காகத்தான் கை தட்டியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் அது தெரியவில்லை. எனக்குத் தெரியக்கூடாது என்று அவன் நினைத்தது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரிய வேண்டியது தெரியாமலே போய்விட்டது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் முடியாதது வேறு. அந்த வெள்ளிக்கிழமையோ அதற்கு முந்தின நாட்களோ எனக்கு நினைவில்லை. மண்டை உடைந்ததில் எல்லாம் போய்விட்டது. அந்த ஞாயிறு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அவனைப் பற்றி எனக்கிருந்த கடைசி நினைவு அது. அதுவும் நடக்கவில்லை என்றால், அவனை நான் கடைசியாக எப்போது பார்த்தேன்? என்ன பேசினோம்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. வண்டியில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நான் மட்டும்தான்.

உன் மேல் கோபம் இல்லை. ஆனால் நீ தேடிப் போகாமல் இருந்திருக்கலாம். நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

நொலீன்


மொறட்டுவை
19 டிசம்பர் 1993

என் அன்பு நங்கிக்கு,

பாலன் பிறப்பு உன் வீட்டுக்கு ஆறுதலைக் கொண்டுவரட்டும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் எழுதியவை வந்து சேர்ந்தனவா என்று தெரியவில்லை. உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா? மருத்துவர் என்ன சொல்கிறார்?

வானொலியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மெல்பர்ன் விழாச் செய்தி இங்கே பத்திரிகையில் வந்துவிட்டது. ரெக்ஸின் கதையோடு உன் பாட்டைத் திரும்பப் போடப் போகிறார்களாம், நாங்கள் வந்து பேச வேண்டுமாம். வேண்டாம் என்றேன். அவள் போன பிறகு, கேட்டிருந்தால் நீ சரி என்றிருப்பாயோ என்று மனம் அடித்துக்கொண்டது.

நீ கடைசியாக எழுதியதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ரெக்ஸ் எனக்குப் பதுளைக்குப் போட்ட கடிதங்களைத் தேடினேன். ஏதாவது ஒன்றில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கும், வெட்டி அனுப்பலாம் என்று நினைத்தேன். வீடு மாறியபோது எங்கோ போய்விட்டன.

இன்றைக்குக் கஞ்சி குடித்தேன் என்றாவது எழுது. அது போதும் எனக்கு.

அக்கா


மெல்பர்ன்
13 பெப்ரவரி 1994

மதிப்பிற்குரிய ஐரின் அக்காவுக்கு,

தங்கள் வீட்டில் அனைவரும் சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். தங்களுடைய எல்லாக் கடிதங்களும் வந்தன. அவள் ஒவ்வொன்றையும் பிரித்து வாசித்தாள். பதில் என்னை எழுதச் சொன்னதாக நினைக்க வேண்டாம். நானாகத்தான் எழுதுகிறேன்.

நோய் திரும்பி வரவில்லை என்று மருத்துவர்கள் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். பூங்காவில் என்னோடு நடக்கிறாள். எடைகூடச் சற்று ஏறியிருக்கிறது. யார் பார்த்தாலும் தேறிவிட்டாள் என்றுதான் சொல்வார்கள்.

தங்களுக்கு மட்டும் எழுதாமல் இருக்கிறாள் என்று வருந்த வேண்டாம், அக்கா. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பிருந்தே எனக்கும் எழுதுவதில்லை. வீட்டில் நான் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். கேள்வியையும் நானே கேட்டு, அவள் சொல்லியிருக்கக்கூடிய பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன். அது சரியா பிழையா என்று அவள் தலையைக்கூட அசைப்பதில்லை.

நேற்றுக் கடைக்குப் புறப்படும்போது ஏதாவது வாங்கி வர வேண்டுமா என்று கேட்டேன். தாள்கட்டையும் பேனாவையும் அவள் மடியில் வைத்தேன். பேனாவை எடுத்தாள். எழுதப் போகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். அதன் மூடியைப் போட்டு, என் சட்டைப் பையில் செருகிவிட்டு, காலரைச் சரி செய்துவிட்டாள்.

பேர்ட்டி அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தங்கள்,
ஹெக்டர்